மொட்டைக் கடிதம் எழுதியவன் யார்?



தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்களுக்கு மொட்டைக் கடிதம் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. ஆபீஸ் கதவின் இடுக்கில் செருகியிருக்கும். கோயில் உண்டியலில் காசோடு காசாகக் கிடக்கும். சில வேளை தபால் தலை ஒட்டி முறையாகவே வந்து சேரும். அடியில் பெயர் இராது. 'உங்கள் நலம் விரும்பி' என்று மட்டும் இருக்கும்.

அப்படி ஒரு கடிதம் வந்தால், அதில் யாரைக் குற்றம் சொல்லியிருக்கிறது என்பதைத்தான் நாம் முதலில் தேடுகிறோம். எழுதியது யார் என்பதை அப்புறம் கேட்கிறோம். குற்றத்தைச் செய்தவனே இதை எழுதியிருப்பானோ என்று கேட்பவர் மிகச் சிலர். பிடிபடாமல் சௌகரியமாக இருக்கும் ஒருவன், தன் பெயரை மறைத்துக்கொண்டு, தான் செய்ததைப் பற்றித் தானே பேசுவானா? பேசினால் ஆபத்து அல்லவா?

பேசுவான். புத்தகங்களில் படிப்பதற்கு வெகுநாள் முன்பே, என் பதினோராவது வயதில், இதை நான் அறிந்துகொண்டேன். ஏனென்றால் அன்று பேசியவன் நானே.

பள்ளி விடுமுறை நாள். எங்கள் லயத்துப் பெரியம்மா ஒருவர் மேட்டு நிறையில் பால் எடுத்துவிட்டு, ஒரு வாளியைப் பாதையோரம் இறக்கி வைத்துவிட்டு, இன்னொன்றை எடுக்க மறுபடியும் மேலே போயிருந்தார். நான் கவணோடு அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தேன். வாளி நிறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் போல் இருந்தது. மூடியைத் திறந்து, விளையாட்டாகத் தட்டுப் போலச் சுழற்றி எறிந்தேன். அது பெரணிப் புதருக்குள் போய் விழுந்தது. எட்டி எடுக்கப் போகும்போது கால் இடறி, வாளி சாய்ந்துவிட்டது. வெள்ளை வெளேரென்று பால் அத்தனையும் கானுக்குள் ஓடியது. நான் எடுத்த ஓட்டம் லயத்துக்கு வந்துதான் நின்றது.

அன்று மாலை பைப்படியில் இதே பேச்சு. அந்தப் பெரியம்மாவுக்கு அன்றைய நிறுவையில் பாதி போய்விட்டது. காட்டுப்பன்றி முட்டியிருக்கும் என்றார் ஒருவர். குரங்கு வேலை என்றார் இன்னொருவர். பன்றிதான், பன்றிதான் என்று கடைசியில் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். நான் தப்பிவிட்டேன். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால், நேயர்களே, சிரிக்காதீர்கள், நான் செய்ததைப் பன்றி செய்ததாகச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை! "பன்றி தள்ளியிருந்தா மூடி வாளி கிட்டயே கெடக்கும். இது பெரணிக்குள்ளல்ல கெடக்கு," என்றேன், பெரிய துப்பறிவாளர் போல.

என் பாட்டி குடத்தை இறக்கி வைத்தார். "மூடி காணோம்னுதானே அவ சொல்லிக்கிட்டிருக்கா. பெரணிக்குள்ள கெடக்குன்னு ஒனக்கு யாருடா சொன்னது?"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அது ஏன் கத்துகிறது என்பதைத்தான் நான் பல ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது உங்களைத் தொலைதூரம் அழைத்துப் போகிறேன். அமெரிக்காவின் நடுவே கான்சஸ் என்றொரு மாநிலம். அங்கே விச்சிட்டா என்பது கோதுமை விளையும் பூமியும் விமானத் தொழிற்சாலைகளும் சூழ்ந்த நகரம். 1974 சனவரியில் அந்நகரில் ஒரே வீட்டில் நால்வர் கொலையுண்டனர். சில மாதம் கழித்து, காவல் துறையின் பிடியிலிருந்த வேறு சிலருக்கு இதில் தொடர்பு உண்டு என்ற செய்தி கிளம்பியது. கொலைகாரன் என்ன செய்திருக்க வேண்டும்? மகிழ்ந்திருக்க வேண்டும். அவனோ பத்திரிகை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, நகர நூலகத்தில் இன்ன புத்தகத்துக்குள் ஒரு கடிதம் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றான். போய்ப் பார்த்தார்கள்; இருந்தது. அவர்கள் யாரும் செய்யவில்லை, நான் ஒருவனே செய்தேன் என்று எழுதியிருந்தான். அந்த வீட்டின் உள்ளே எது எங்கே கிடந்தது என்பதையும் எழுதியிருந்தான். என் மூடிக் கதைதான் இது. பன்றிக்குப் புகழ் போவதை அவனும் பொறுக்கவில்லை.

அவன் தனக்குத் தானே ஒரு பட்டப்பெயர் சூட்டிக்கொண்டான். அதை நான் இங்கே சொல்லப் போவதில்லை. அந்தப் பெயர் நாலு பேர் வாயில் புரள வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. 1978-இல் ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்கு எழுதியபோது, தன்னைப் பற்றிச் செய்தி வர இன்னும் எத்தனை பேரைக் கொல்ல வேண்டும் என்ற பொருளில் கேட்டிருந்தான். 1991 வரை மொத்தம் பத்து உயிர்கள். பிறகு அரவமே இல்லை. ஊர் அவனை மறக்கத் தொடங்கிற்று.

2004 சனவரியில், முதற்கொலை நடந்து முப்பது ஆண்டு ஆனதை ஒட்டி உள்ளூர்ப் பத்திரிகை ஒரு கட்டுரை வெளியிட்டது. வழக்கறிஞர் ஒருவர் இதைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார் என்ற செய்தியும் வந்தது. தன் கதையைப் பிறர் சொல்வதா! மார்ச் மாதமே கடிதம் வந்துவிட்டது. உள்ளே 1986-இல் கொல்லப்பட்ட ஒரு பெண்மணியின் ஓட்டுநர் உரிமத்தின் நகல். செய்தவனைத் தவிர வேறு யார் கையில் அது இருக்க முடியும்?

வழக்கைக் கவனித்த கென் லாண்ட்வேர் என்ற காவல் அதிகாரி அவனை விரட்டவில்லை. பத்திரிகையாளர் கூட்டங்களில் மரியாதையாகப் பேசி, அவனைப் பேச விட்டார். அவனும் கடிதம், பொட்டலம் என்று அனுப்பிக்கொண்டே இருந்தான். ஒரு நாள் அவனுக்கு ஒரு சந்தேகம். கணினியில் பயன்படுத்தும் பிளாப்பி வட்டில் எழுதி அனுப்பினால் என்னைக் கண்டுபிடிக்க முடியுமா, உண்மையைச் சொல்லுங்கள், பத்திரிகை விளம்பரத்தில் பதில் போடுங்கள் என்று காவல் துறையையே கேட்டான்! 'ஒன்றும் ஆகாது' என்ற பொருளில் விளம்பரம் வந்தது. 2005 பிப்ரவரியில் வட்டும் வந்தது. அழித்துவிட்டதாக அவன் நினைத்த ஒரு பழைய கோப்பின் சுவடு அதில் இருந்தது. அதில் ஒரு தேவாலயத்தின் பெயர். கடைசியாகக் கைவைத்தவர் பெயர் 'டென்னிஸ்'. அந்தத் தேவாலய நிர்வாக சபையின் தலைவர் டென்னிஸ் ரேடர். மகளின் பழைய மருத்துவச் சோதனை மாதிரியோடு மரபணுவை ஒப்பிட்டு உறுதி செய்தார்கள். பிப்ரவரி 25-ஆம் நாள் கைது. பத்து ஆயுள் தண்டனை. குறைந்தது 175 ஆண்டு.

அவன் யார் தெரியுமா? பக்கத்துச் சிற்றூரின் நகராட்சியில், தெருநாய்களையும் உயரமாக வளர்ந்த புல்லையும் கண்காணிக்கும் உத்தியோகத்தர். மனைவி, இரண்டு பிள்ளைகள். பிடிபட்ட பிறகு அவனுக்கு வந்த பெரிய வருத்தம், அந்த அதிகாரி ஏன் என்னிடம் பொய் சொன்னார் என்பதுதான். உன்னைப் பிடிக்கத்தான் என்றாராம் லாண்ட்வேர்.

எல்லாத் தவளையும் கெட்டுவிடுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் 1969-இல் கொலைகள் செய்து 'சோடியாக்' என்ற பெயரில் எழுதியவன் இன்றுவரை யாரென்று தெரியவில்லை. தான்தான் எழுதுவது என்று நிரூபிக்க, கொல்லப்பட்ட டாக்சி ஓட்டுநரின் சட்டைத் துண்டையே கடிதத்தோடு அனுப்பியவன் அவன். அவன் அனுப்பிய ஒரு சங்கேத எழுத்தை 51 ஆண்டுகள் யாராலும் படிக்க முடியவில்லை. 2020 டிசம்பரில் மூன்று நாடுகளைச் சேர்ந்த மூவர் சேர்ந்து அவிழ்த்தார்கள். உள்ளே என்ன இருந்தது? தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் பேசியது நான் அல்ல என்ற மறுப்பு! வேறொருவன் தன் பெயரில் பேசிவிட்டான் என்ற ஆத்திரம்.

இதுவரை கேட்டவர்கள், ஆகவே பெயரில்லாமல் எழுதுகிறவன் குற்றவாளியே என்று முடிவு கட்டிவிடக்கூடாது. இங்குதான் கவனமாகக் கேட்க வேண்டும். நான் வானொலியில் பேசுவதால், குரலைப் பற்றிய ஒரு கதையைச் சொல்கிறேன். இது இங்கிலாந்தில் நடந்தது.

இங்கிலாந்தின் வடக்கே யார்க்சையர் வட்டாரத்திலும் அதைச் சுற்றியும் 1975 முதல் 1980 வரை பதின்மூன்று பெண்கள் கொல்லப்பட்டனர். 1978-இல் காவல் துறைக்கும் ஒரு பத்திரிகைக்கும் கடிதங்கள் வந்தன. நான்தான் செய்தேன் என்றன அவை. 1979 சூனில் ஓர் ஒலிநாடா வந்தது. நிதானமான ஓர் ஆண் குரல், விசாரணைத் தலைவர் சார்ச் ஓல்டுபீல்டைப் பெயர் சொல்லி அழைத்து, என்னை நெருங்கவே உங்களால் முடியவில்லையே என்று கேலி செய்தது. அந்தக் குரலை வானொலியில் ஒலிபரப்பினார்கள், தொலைக்காட்சியில் போட்டார்கள், தொலைபேசியில் எண்ணைச் சுழற்றினாலும் கேட்கும்படி செய்தார்கள். பேச்சு வழக்கை ஆராயும் ஸ்டான்லி எல்லிஸ் என்ற அறிஞர், இது சண்டர்லாந்து நகரத்துப் பேச்சு, அதிலும் காசல்டவுன் என்ற பகுதிப் பேச்சு என்றார். நம் ஊரில் ஒருவர் பேசுவதைக் கேட்டே, இவர் கெடாப் பக்கம், இவர் சொகூர்ப் பக்கம் என்று சில பெரியவர்கள் சொல்லிவிடுவதில்லையா? அதுபோலத்தான், ஆனால் இன்னும் நுட்பமாக.

அவர் சொன்னது அச்சொட்டாகச் சரி. குரல் அந்தப் பகுதிக்காரருடையதே. ஆனால் கொலைகாரன் அந்தப் பகுதிக்காரன் அல்லன்! இது மோசடியாக இருக்கலாம் என்று அந்தப் பேச்சு ஆராய்ச்சியாளர்களே எச்சரித்தும் விசாரணைத் தலைவர்கள் ஏற்கவில்லை. கடிதத்தில் கொலைகாரனுக்கு மட்டுமே தெரியக்கூடிய விவரங்கள் இருக்கின்றன என்று நம்பினார்கள். உண்மையில் அவை பத்திரிகைகளில் வந்திருந்தவையே. பீட்டர் சட்கிளிப் என்ற லாரி ஓட்டுநரைக் காவலர்கள் ஒன்பது முறை விசாரித்தும் விட்டுவிட்டதற்கு ஒரு காரணம், அவன் பேச்சில் சண்டர்லாந்து வழக்கு இல்லை, கையெழுத்தும் ஒத்துப்போகவில்லை என்பதே. அவன்தான் உண்மைக் கொலைகாரன். 1981 சனவரியில், காரில் போலி எண் பலகை மாட்டியிருந்ததற்காகப் பிடிபட்டான். ஒலிநாடா வந்த பிறகு மட்டும் மூன்று பெண்கள் உயிரிழந்திருந்தார்கள்.

குரலுக்கு உரியவன் எங்கே? 2005-ஆம் ஆண்டு வரை தெரியவில்லை. கடித உறையை ஒட்ட நாக்கால் நனைத்திருந்தான். அந்தப் பசையில் எச்சில் காய்ந்து இருந்தது. அதிலிருந்து மரபணு எடுத்தார்கள். சண்டர்லாந்துக்காரர் ஒருவர் சிக்கினார். 2006-இல் எட்டாண்டுச் சிறை. இதில் என் மனத்தை உறுத்துவது ஒன்று. 1979 செப்டம்பரில் அந்த மனிதருக்கே பயம் வந்து, பெயர் சொல்லாமல் காவல் நிலையத்துக்குத் தொலைபேசி செய்து, அந்த ஒலிநாடா பொய் என்று சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொன்னபோது நாடே நம்பிற்று. உண்மை சொன்னபோது யாரும் செவிசாய்க்கவில்லை. இரண்டும் பெயரில்லாத பேச்சுத்தான்.

அப்படியானால் எதை வைத்துத் தரம் பிரிப்பது? என் பாட்டி கேட்ட கேள்வியை வைத்துத்தான். இவனுக்கு இது எப்படித் தெரியும்? அதோடு இன்னொரு கேள்வியும் வேண்டும். இதை வேறு எந்த வழியிலும் தெரிந்திருக்க முடியாதா? பாட்டி முதற்கேள்வியைக் கேட்டார். விச்சிட்டாவில் அதைக் கேட்டார்கள். இரண்டாவது கேள்வியை யார்க்சையரில் சரியாகக் கேட்கவில்லை.

சில சொற்கள் நடைமுறைக்கு. மொட்டைக் கடிதம் வந்தால் கூட்டத்தில் படிக்காதீர்கள். கைக்குக் கை மாற்றாதீர்கள். உறையைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள். கடிதத்தைவிட உறை பேசிய கதையை இப்போதுதான் கேட்டீர்கள். காகித உறை ஒன்றில் போட்டு வைத்து, திருட்டு, மிரட்டல் போன்ற விசயமாக இருந்தால் காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள். கையெழுத்து தெரிந்தது போல் இருக்கிறதே என்று பைப்படியில் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். அமெரிக்காவில் 1978 முதல் 1995 வரை வெடிகுண்டுகளை அனுப்பி மூவரைக் கொன்ற ஒருவனின் நீண்ட கட்டுரை 1995 செப்டம்பரில் பத்திரிகையில் வெளியானபோது, அந்த நடை அண்ணனுடையது போல் இருக்கிறதே என்று அவன் தம்பிக்கும் தம்பி மனைவிக்கும் தோன்றியது. அவர்கள் ஊரைக் கூட்டவில்லை. வீட்டிலிருந்த பழைய கடிதங்களை ஒப்பிட்டார்கள், வழக்கறிஞர் மூலம் அதிகாரிகளிடம் போனார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவன் பிடிபட்டான்.

இவ்வளவும் சொல்லும் நான் ஒரு முறை என்ன செய்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பயிற்சிக் கல்லூரியிலிருந்து புதிதாக வந்திருந்தேன். கோயில் உண்டியலில் ஒரு கடிதம் கிடந்தது. நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் என்று என்னிடம் கொடுத்து, சனிக்கிழமைக் கூட்டத்தில் உரக்கப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். ஆயாக் கொட்டகையில் குழந்தைகளுக்கு வைத்திருந்த பால்மாவு டின்களில் ஐந்து குறைகிறது, ஆயா டவுனில் விற்றுவிட்டார் என்று இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு ஆயாவும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை கிராணி அலமாரியைத் திறந்து எண்ணினார். சரியாக ஐந்து குறைந்தது. கடிதம் சொன்னது உண்மையாகிவிட்டது என்றார்கள். அந்த வாரமே ஆயா, மகள் வீட்டோடு இருக்கப் போகிறேன் என்று வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். கடிதத்தை வைத்திருப்பது கோயிலுக்கு ஆகாது என்று எரித்தார்கள். தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தவன் நான்.

விச்சிட்டா கதையை முதன்முதலாகப் படித்த இரவுதான் எனக்கு அது உறைத்தது. திங்கட்கிழமை எண்ணுவதற்கு முன், சனிக்கிழமையே, ஐந்து என்று எழுதியவனுக்கு எப்படித் தெரியும்? அலமாரி பூட்டியிருந்தது. ஒரு சாவி ஆயாவிடம். இன்னொன்று வேறோர் இடத்தில். என் பாட்டி உயிரோடு இருந்து அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் உடனே கேட்டிருப்பார். அந்த இன்னொரு சாவி யாரிடம் இருந்தது என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை. கண்ணாடி வைத்த கதவு அது. வெளியிலிருந்தே அடுக்கைப் பார்த்து எண்ணியிருக்கலாம். குழந்தையை விடவரும் எந்தத் தாயும் பார்த்திருக்கலாம். எரிந்துபோன காகிதத்தைக் கேட்க முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஆயாவைத் தேடிக்கொண்டு போனேன். வயதாகிவிட்டிருந்தது. வாசலில் நாற்காலி போட்டு, காப்பி கலந்து கொடுத்தார். நான் எதையோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார்.

"நீங்க படிச்சீங்க, அவ்வளவுதானே வாத்தியாரே," என்றார். "நல்லா நிறுத்தி நிறுத்திப் படிச்சீங்க. கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு."